அளவெடுக்காத தோணிகள்

தமிழில் கப்பல் என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் இரண்டாவது வரியில் புலிக்கொடி பறந்துவிடும். மூன்றாவது வரியில் கடாரம் வந்துவிடும். 1025-இல் ராஜேந்திரன் கடல் தாண்டிப் படையெடுத்ததற்குக் கல்வெட்டு இருக்கிறது, அதில் எனக்குத் தகராறு இல்லை. பல கலங்கள் போயின என்று மெய்க்கீர்த்தி சொல்கிறது. ஒரு கலம் எத்தனை முழம், எத்தனை பாய், பலகைகளைக் கயிற்றால் தைத்தார்களா ஆணி அடித்தார்களா என்றெல்லாம் அது சொல்லவில்லை. மெய்க்கீர்த்திக்கு அது வேலையும் இல்லை. சோழப் போர்க்கப்பல் என்று ஒன்று இதுவரை மண்ணிலிருந்தோ கடலிலிருந்தோ எடுக்கப்பட்டதும் இல்லை. ஆனால் எனக்கு வாட்ஸப்பில் வரும் படங்களில் அதற்கு மூன்று அடுக்கு, முப்பது துடுப்பு, முன்னால் வாயைப் பிளந்த புலி எல்லாம் இருக்கிறது. ஐரோப்பியக் கப்பலின் உடம்பில் தமிழ்த் தலையை ஒட்டிய படங்கள் அவை. அனுப்புகிறவர்கள் முட்டாள்கள் இல்லை. பெரும்பாலும் என்னைப் போல இன்ஜினியரிங் படித்தவர்கள்தான்.

என் கோபம் அந்தப் படத்தின் மேல் இல்லை. அதே ஆட்களிடம் தூத்துக்குடித் தோணியின் நீளம் என்ன என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கப்பலின் புலிக்கு எத்தனை பல் என்று தெரியும். இங்கேயிருந்து அறுபது சொச்சம் கிலோமீட்டரில், பழைய துறைமுகத்தில், மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் காய்கறியும் சிமென்ட்டும் ஏற்றிக்கொண்டு நிற்கிற மரத்தோணியின் ஏரா எவ்வளவு நீளம், வங்குகளுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி என்று தெரியாது. ஏரா என்றால் அடிமரம், வங்கு என்றால் விலா எலும்பு மாதிரி உள்ளே வளைந்து நிற்கும் சட்டம். இந்தச் சொற்களுக்கு நான் விளக்கம் எழுத வேண்டியிருக்கிறதே, அதுவே நம் நிலைமையைச் சொல்லிவிடும்.

இந்த விஷயத்துக்குள் நான் வந்த வழி கொஞ்சம் கேலிக்குரியது. பிளாஸ்டிக் மாடல் கிட் ஒட்டுவது என் பொழுதுபோக்கு. ரெவெல் கம்பெனியின் வட கடல் மீன்பிடி ட்ராலர் ஒன்று மேஜைமேல் இருக்கிறது. அளவு 1/142, அதாவது நிஜப்படகின் 142 அடி என் கையில் 1 அடி. இதென்ன விசித்திரமான எண் என்று தோன்றும். அந்தக் காலத்துக் கிட் கம்பெனிகள் கப்பலைச் சுருக்கவில்லை, டப்பாவுக்குள் அடைத்தார்கள். டப்பா எவ்வளவோ அவ்வளவு கப்பல். நம் ஊர் ரெடிமேட் கடை நியாயம் மாதிரிதான்.

கோவில்பட்டியில் இந்த வேலையைச் செய்வதற்கென்று தனி அவஸ்தைகள் உண்டு. இந்த சிமென்ட் ஒட்டுவதில்லை, இரண்டு பாகத்தின் விளிம்பையும் லேசாக உருக்கி ஒன்றாக்குகிறது. சித்திரை மாதத்து மதியத்தில் பாகத்தில் தடவி, எடுத்துப் பொருத்துவதற்குள் அது ஆவியாகிவிடும். பெயின்ட் தெளிப்பானின் மூக்கிலேயே காய்ந்துவிடும். காற்று அடித்தால் கரிசல் புழுதி ஈரமான வண்ணத்தின்மேல் வந்து உட்காரும். இந்த வறட்சியை நம்பித்தான் இங்கே தீப்பெட்டித் தொழிலே வேர் பிடித்தது. தீக்குச்சிக்கு எது வரமோ அதுவே பெயின்ட்டுக்குச் சாபம். ஆகவே விடிகாலை 5 மணிக்கு உட்கார்ந்து 7 மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகு ஆபீஸ் லேப்டாப்.

எங்கள் தெருவில் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ட்ராலரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, கரிசக்காட்டுல உக்காந்துக்கிட்டு போட்டு செஞ்சுக்கிட்டு இருக்கீகளே, கடலுக்கும் நமக்கும் என்ன இருக்கு?" கேலி இல்லை, நிஜமான கேள்வி. இலக்கிய நண்பர் ஒருவர் கேட்டது வேறு மாதிரி. "பிளாஸ்டிக்கா? அதுவும் ஜெர்மன்காரன் படகா?" இது கேள்வி இல்லை, தீர்ப்பு. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். பெரியவருக்கு முதலில்.

கரிசலில் விளைந்தது பருத்தி. திருநெல்வேலிப் பருத்தி என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கிய சரக்கு. 1876-இல் ரயில் தூத்துக்குடியைத் தொட்டது, பொதிகள் கடற்கரை வரை ரயிலில் போயின. அதற்கப்புறம்? தூத்துக்குடிக் கடல் ஆழம் இல்லாதது. ஸ்டீமர்கள் கரைக்கு வர முடியாமல் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நின்றன. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே இருந்த அந்தச் சில மைல்களைத் தாண்டியது தோணி. ஒரு பருவம் இரண்டு பருவம் இல்லை, 1974-இல் புதிய துறைமுகம் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்படும் வரைக்கும் இதுதான் ஏற்பாடு. கரிசல் சம்சாரி விளைவித்த பருத்தி மான்செஸ்டருக்குப் போகட்டும், ஜப்பானுக்குப் போகட்டும், முதல் பயணம் தோணியில். வண்டிமாட்டையும் கமலையையும் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறோம். அந்தப் பொருளாதாரத்தின் கடைசிக் கண்ணி தோணிதான், கரிசல் எழுத்து அதைக் கழற்றிவிட்டுவிட்டது. கரிசலைக் குறை சொல்லவில்லை. கி.ரா. 1980களின் தொடக்கத்தில் உட்கார்ந்து கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாக்கினார். பல்கலைக்கழகம் செய்திருக்க வேண்டியதை ஒரு விவசாயி செய்தார். கலப்பைக்கு எத்தனை உறுப்பு, ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர் என்று இன்று நமக்குத் தெரிவதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. கடற்கரைக்கு ஜோ டி குருஸ் இருக்கிறார். 'கொற்கை' நாவலில் தோணித்தொழில் முழுசாக இருக்கிறது. ஆனால் நாவலை வைத்துத் தோணி கட்ட முடியாது. நாவலாசிரியரின் கடமையும் அது இல்லை.

ஒட்டப்பிடாரத்து மனிதர் ஒருவர் கப்பல் ஓட்டியதை எல்லோரும் அறிவோம். சிறையிலிருந்து வந்தபின் சில வருஷங்கள் எங்கள் கோவில்பட்டியில்தான் வக்கீலாக இருந்தார். 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பற்றி ஆ.இரா.வேங்கடாசலபதி பல ஆண்டு ஆவணங்களைத் தோண்டி எழுதியதால் இன்று நமக்கு ஒழுங்கான சித்திரம் கிடைத்திருக்கிறது. காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களின் பெயரைப் போட்டித்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1300 பேர், கூடவே 4000 மூட்டை. இந்த விகிதத்தை ஒரு நிமிஷம் பாருங்கள். 66 பேர் சௌகரியமாகப் போக, 1300 பேர் தளத்தில் நெருக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கொழும்புக்கு யார் போனார்கள், ஏன் போனார்கள் என்பது அந்த எண்களுக்குள் இருக்கிறது. "கப்பலோட்டிய தமிழன்" என்ற பட்டத்தில் அது இல்லை. ஒரு கப்பலின் அளவு அந்தக் காலத்துச் சமூகத்தின் அளவும்தான் என்று நான் சொல்வது இதைத்தான்.

இனி இலக்கிய நண்பருக்கு.

வ.உ.சி. தூத்துக்குடியில் காலமான அதே 1936-இல் அமெரிக்காவில் ஒரு வேலை தொடங்கியது. பொருளாதாரப் பெருமந்தக் காலம், கப்பல் வரைபடக்காரர்களும் கப்பல் தச்சர்களும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். நம் நூறுநாள் வேலை மாதிரி அரசாங்கம் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தது: கடலோரமெல்லாம் போ, அழிந்துகொண்டிருக்கிற உழைப்புப் படகுகளை அளந்து வரை. போர்க்கப்பல் வேண்டாம். மீன்படகு, சிப்பிப்படகு, சரக்குப்படகு, சேற்றில் பாதி புதைந்து அழுகிக்கிடக்கிற கட்டை எதுவானாலும் சரி. வரலாற்று அமெரிக்க வணிகக்கப்பல் கணக்கெடுப்பு என்று அதற்குப் பெயர். நியூ இங்கிலாந்து பகுதிக்கு ஹோவர்ட் ஷப்பெல் பொறுப்பு. 1937-இல் பணம் நின்றுபோனது, வேலையும் நின்றது. மொத்தமே ஒன்றரை வருஷம். அந்த ஒன்றரை வருஷத்து வரைபடங்கள் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கின்றன, கேட்பவர்களுக்கு நகல் விற்கிறார்கள். இன்று அமெரிக்க மீன்படகு ஒன்றை மாடலாகச் செய்ய நினைப்பவர் அங்கிருந்துதான் தொடங்குகிறார்.

நான் சொல்லவருவது இதுதான். என் மேஜையில் இருக்கிற பிளாஸ்டிக் வேறொரு நீண்ட வேலையின் வால். முதலில் ஒருவர் நாடாவோடு சேற்றில் இறங்கியிருக்க வேண்டும், அப்புறம் வரைபடம், அப்புறம் அதைச் சேமித்துவைக்க ஒரு கட்டடம், அதை எடுத்துக்கொடுக்க ஒரு குமாஸ்தா. இவ்வளவும் நடந்த நாட்டில் கடைசியாக ஒரு பொம்மைக் கம்பெனிக்காரன் வந்து அச்சு வார்க்கிறான். நண்பர் வாலைப் பிடித்துக்கொண்டு யானையைக் கேலி செய்கிறார்.

அவர்களும் யோக்கியர்கள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1952-இல் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி பாலித்தீன் பையில் போட்டு வுல்வொர்த் கடைகளில் விற்ற முதல் கப்பல் கிட், பிரான்சிஸ் டிரேக்கின் கோல்டன் ஹைண்ட். கடற்கொள்ளைக்காரனின் கப்பல். இன்றுவரை கடை அலமாரியில் முக்கால்வாசி பிஸ்மார்க்கும் யமாட்டோவும்தான், மூழ்கிப்போன போர்க்கப்பல்கள். மீன்படகும் இழுவைப்படகும் கீழ்த்தட்டில் தூசியோடு கிடக்கும். புலிக்கொடி நோய் உலகப்பொது. ஆனால் அவர்களிடம் கீழ்த்தட்டு என்று ஒன்றாவது இருக்கிறது.

இங்கே ஒரு கதை. கதை இல்லை, நடந்தது. 1930-இல் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் கட்டப்பட்டது. சரக்குக் கப்பல். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர், சின்னப் பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்தவர், அதை விலைக்கு வாங்கினார். தன் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு சூயஸ் வழியாக மத்தியதரைக் கடலைத் தாண்டி, அட்லாண்டிக்கையும் தாண்டி, 1938 ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்து குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள். தண்டலின் பெயர் தம்பிப்பிள்ளை.

குளோஸ்டர் என்றால் மாடல் செய்கிறவர்களுக்குக் காசி மாதிரி. அந்த ஊர் மீன்பிடி ஸ்கூனர்களைச் செய்து பார்க்காத ஆள் குறைவு. அன்னபூரணி கட்டப்பட்ட அதே 1930-இல்தான் குளோஸ்டரின் பெருமையான கெர்ட்ரூட் தேபோ கட்டப்பட்டது. அன்னபூரணி போய்ச்சேர்ந்த அதே 1938-இல்தான், இரண்டு மாதம் கழித்து, கெர்ட்ரூட் தேபோவுக்கும் கனடாவின் புளூநோஸுக்கும் கடைசிப் பந்தயம் நடந்தது. புளூநோஸ் ஜெயித்தது. 1921-இல் தண்ணீரில் இறங்கிய மீன்படகு அது. கனடாவின் 10 சென்ட் நாணயத்தில் 1937-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் படகும் அதுதான். அதற்கு எத்தனை கிட், எத்தனை அளவில், எத்தனை கம்பெனி என்று எண்ணி முடியாது. வல்வெட்டித்துறைக்காரர்கள் அன்னபூரணியை மறக்கவில்லை, அந்த ஊரில் அது இன்றும் பேச்சில் இருக்கிறது. ஆனால் தமிழ் கூறும் நல்லுலகத்தின் மிச்சப் பகுதியில் யாரிடம் கேட்டாலும் அன்னபூரணி என்றால் ஹோட்டலா என்று கேட்பார்கள். அட்லாண்டிக் தாண்டியதற்குத் தேதியோடு சாட்சி உள்ள தமிழ்க்கப்பலைப் பற்றி நமக்கு ஒரு ஃபார்வர்டுகூட வருவதில்லை. அது சரக்குக் கப்பல், யாரையும் ஜெயிக்கவில்லை, அதனால்தான்.

நியூசிலாந்து மணிக்கும் இதே கதிதான். 19-ஆம் நூற்றாண்டில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் மாவோரி மக்களிடம் ஒரு வெண்கல மணியைப் பார்த்தார். கவிழ்த்து அதில் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்கள். அதில் தமிழ் எழுத்து. இப்போது தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த மணியையும் சோழர் கணக்கில் வரவு வைத்து எனக்கு வருஷம் நாலு தடவை படம் வருகிறது. மணியிலேயே ஓனர் பெயர் எழுதியிருக்கிறது: முகையதீன் பக்ஷ் என்பவரின் கப்பலின் மணி. ஒரு தமிழ் முஸ்லிம் மரக்கலக்காரர். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்களே அந்தப் பெயரை வாசிக்காமல் புலியைத் தேடுகிறார்கள். இதில் சோம்பேறித்தனம் மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நம் கடலை உண்மையில் ஓட்டியவர்கள் பரதவர், மரக்காயர், கரையார். அவர்கள் பெயரைச் சொல்லாமல் கடலை மட்டும் சொந்தம் கொண்டாட அரசனின் கொடி வசதியாக இருக்கிறது.

சரி, ட்ராலருக்கு வருவோம். அதை ஒட்டியதால் எனக்குக் கிடைத்த ஒரு லாபத்தைச் சொல்ல வேண்டும்.

படகின் நடுவில் ஒரு வின்ச் வரும். குட்டியூண்டு பாகம், இடுக்கியில் பிடித்தால்தான் உட்காரும். இது எதற்கு இவ்வளவு பெரிசாக இருக்கிறது என்று தேடப்போய்த்தான் ட்ராலர் என்றால் என்ன என்று புரிந்தது. வலையின் வாயை விரித்துவைக்க இரண்டு கனத்த பலகைகள். படகு முன்னால் போகும்போது தண்ணீரின் விசையில் அவை ஆளுக்கொரு பக்கம் விலகும், வலை திறக்கும். அடிக்கயிறு கடல்தரையை உரசிக்கொண்டே வரும். அந்த உராய்வைத் தாங்கி இழுக்கத்தான் அவ்வளவு குதிரைத்திறன், நிரம்பிய மடியைத் தூக்கத்தான் அவ்வளவு பெரிய வின்ச். எஞ்சினையும் வின்ச்சையும் பார்த்தாலே கடலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். வட கடலுக்கென்று பிறந்த இந்த ஏற்பாட்டைத்தான் நாம் பாக் நீரிணையில் இறக்கினோம். ஆழமே இல்லாத, புல்லும் இறாலும் நிறைந்த கடலில்.

1953-இல் கேரளத்து நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் வேலையைத் தொடங்கியது. அங்கிருந்து விசைப்படகும் இறால் ஏற்றுமதியும் கைகோத்துக்கொண்டு இந்தியக் கடற்கரை முழுக்கப் பரவின. பிறகு நடந்தது நாம் தினமும் பேப்பரில் படிப்பது. தமிழ்நாட்டின் 1983-ஆம் வருஷத்துச் சட்டம் விசைப்படகு கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் தொழில் செய்யக் கூடாது என்கிறது. இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதே 2017-இல் நம் பக்கம் இழுவைப்படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் சூரைப்படகுத் திட்டம் வந்தது, படகு ஒன்றுக்கு 80 லட்ச ரூபாய், மூன்று வருஷத்தில் 2000 படகு என்று இலக்கு. இலக்கு எட்டவில்லை. கைதும் பறிமுதலும் நிற்கவில்லை. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயிருக்கின்றன. யாழ்ப்பாணத்து மீனவரின் வலை நம் படகுகளில் அறுபட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் இதைப் பேசக் கூடாது. இரண்டு பக்கமும் தமிழர்தான்.

இதைப் பற்றி நம் ஆட்கள் எழுதுகிற பதிவுகளை வாசித்துப் பாருங்கள். இனம் இருக்கும், தேசம் இருக்கும், கச்சத்தீவு கட்டாயம் இருக்கும். படகு இருக்காது. நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் என்ன வித்தியாசம், ரெட்டைமடி என்றால் என்ன, இந்த எஞ்சினை வைத்துக்கொண்டு ஆழ்கடலுக்குப் போனால் டீசல் கட்டுப்படியாகுமா, கரைக்கடலுக்கென்று வளைத்த அடிப்பகுதி ஆழ்கடல் அலையில் எப்படி ஆடும் என்று ஒரு கேள்வி இருக்காது. படகைப் பார்க்கத் தெரியாதவர்கள் படகுச்சண்டையில் தீர்ப்பு சொல்கிறோம். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கையில் ஒரு ட்ராலரும் ஒரு வத்தையும் கிட்டாகக் கொடுத்து ஒட்டச் சொன்னால் இரண்டே ஞாயிற்றுக்கிழமையில் இந்தப் பிரச்சினையின் பாதி அதற்குப் புரிந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

வத்தை என்றேனே, அதிலிருந்து மூன்றாவது எதிர்ப்புக்குப் போகலாம். இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சலூட்டுவது. "நம் மரபில் வரைபடம் கிடையாது. மேஸ்திரியின் கையிலும் கண்ணிலும் இருக்கிற அறிவு அது. அளந்து காகிதத்தில் போடுவது காலனிய மனோபாவம்." இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு படகு கட்டும் கொட்டகைக்குள்ளும் நுழைந்தது கிடையாது. 1990களில் லூசி புளூ, எரிக் கெண்ட்லி, ஷான் மெக்ரெயில் என்ற மூன்று பிரிட்டிஷ் படகு ஆய்வாளர்கள் தமிழகக் கடற்கரையில் வத்தை கட்டுவதைக் கூட இருந்து பார்த்துப் பதிவு செய்தார்கள். அவர்கள் கண்டது என்ன? மேஸ்திரி ஒரு மரப்பலகையில் வங்குகளின் வளைவுகளைக் கோடாகக் கீறி வைத்திருந்தார். படகின் நடுப்பகுதியிலிருந்து முனை நோக்கிப் போகப்போக ஒவ்வொரு வங்கும் எவ்வளவு குறுக வேண்டும் என்பதற்கு அவரிடம் கணக்கு இருந்தது. முதலில் வங்குகள், அப்புறம்தான் பலகை. அந்தக் கீறல் பலகை வரைபடம் இல்லாமல் வேறென்ன? நம் ஆட்கள் வரையாதவர்கள் என்பது வரைந்ததைப் போய்ப் பார்க்காதவர்களின் கண்டுபிடிப்பு.

தமிழில் 'கப்பல் சாத்திரம்' என்றே ஒரு சுவடி உண்டு. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950-இல் அதை அச்சிட்டது. நல்ல நாளும் மரத்தின் சகுனமும் நிறைய, நடுநடுவே அளவுகள். சகுனத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அளவை எழுதிவைக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதுதான் மரபு. ஜேம்ஸ் ஹார்னெல்லும் இந்தக் கணக்கில் வருவார். தூத்துக்குடியில் முத்துச் சங்குக் குளிப்பை மேற்பார்த்தவர், பிறகு சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநர். 1920-இல் இந்தியப் படகுகளைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். பாலினீசியத் தொடர்பு என்று அவர் கட்டிய கோட்பாடு இன்றைக்கு நிற்காது. படகுகளைப் பற்றி அவர் தந்த விவரங்கள் நிற்கின்றன. கோட்பாடு உளுத்துப்போகும், அளவு உளுக்காது.

சாஃப்ட்வேர்காரனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு ஆளின் தலைக்குள் மட்டும் இருக்கிற கோடை எங்கள் தொழிலில் யாரும் மரபு என்று கொண்டாட மாட்டார்கள். அந்த ஆள் லீவு போட்டால் என்ன ஆகும் என்று பயப்படுவார்கள். மேஸ்திரியின் கையறிவைப் பற்றி உருகி உருகி எழுதுகிறோம். மேஸ்திரிக்கு எழுபது வயது. மகன் வளைகுடாவில் வெல்டர். உருகுவதற்கு இதில் என்ன இருக்கிறது?

இப்போது 3டி ஸ்கேன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்லதுதான். செல்போனில் நானூறு படம் எடுத்து மென்பொருளில் போட்டால் தோணியின் வெளித்தோல் மில்லிமீட்டர் சுத்தமாகக் கம்ப்யூட்டரில் எழுந்து நிற்கும். ஆனால் அது தோல்தான். உள்ளே வங்கு எந்த மரம், ஏன் அந்த மரம், எந்தப் பலகை முதலில் ஏறியது, கலப்பத்து அடிக்கும்போது இடுக்கில் எதைத் திணித்தார்கள், இந்த உறுப்புக்குப் பெயர் என்ன என்று படத்துக்குத் தெரியாது. கிட் டப்பாவுக்குள் வருகிற அந்த மடித்த காகிதம், ஒன்று இரண்டு மூன்று என்று பாகத்துக்கு எண் போட்டு எது முதலில் எது பிறகு என்று சொல்லும் காகிதம், அதுதான் கிட்டின் உயிர். பிளாஸ்டிக்கை எவனும் வார்ப்பான். தோணிக்கு அந்தக் காகிதத்தை எழுத மேஸ்திரியின் பக்கத்தில் மாதக்கணக்கில் உட்கார வேண்டும்.

பழைய முறையும் ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. கரையேறி நிற்கிற தோணியின் பக்கவாட்டில் ஏராவுக்கு இணையாக ஒரு நூலை இழுத்துக் கட்ட வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும், மட்டம் பார்த்துக்கொள்ளலாம். இரண்டடிக்கு ஒரு இடத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அரையடிக்கு ஒரு உயரத்தில் குண்டுக்கயிற்றிலிருந்து பலகை வரை எவ்வளவு என்று அளந்து எழுதிக்கொண்டே போனால் ஒரு அட்டவணை கிடைக்கும். அந்த அட்டவணையிலிருந்து தோணியை எந்த அளவிலும் திரும்ப எழுப்பலாம். ஆள் நாலு, நாள் மூன்று. நூறடித் தோணி 1/142-இல் கிட்டத்தட்ட 21 சென்டிமீட்டர் வரும். எங்கள் ஊரில் மருந்து தோய்க்காத வெறும் தீக்குச்சி மூட்டைக் கணக்கில் கிடைக்கும், தளப்பலகைக்கு அதைவிடத் தோதான சரக்கு எந்த வெளிநாட்டு டப்பாவிலும் கிடையாது.

கொற்கைக்கு எதிரே கடலடியில் ஆய்வு நடத்தப்போவதாக 2021-இல் அரசு அறிவித்தது. சந்தோஷம், நடக்கட்டும். முங்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் தண்ணீருக்கு மேலேயே நிற்பவை தூத்துக்குடித் தோணிகள். இந்த வட்டாரத்து இன்ஜினியரிங் கல்லூரிகளில் ஒவ்வொரு வருஷமும் இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்று அட்டெண்டன்ஸ் போடும் ஆப் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், அதுவும் காசு கொடுத்து வாங்கி. அதில் நான்கு பேர் ஒரு தோணியை எடுத்துக்கொண்டால் ஒரு வருஷத்தில் ஒரு தோணி முடியும்.

கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகளைக் கரையில் ஏற்றி மராமத்து பார்ப்பது அப்போதுதான், அடிப்பாகம் முழுசாகத் தெரியும். தென்மேற்குக் காற்று கிளம்பியதும் தோணிகளும் கட்டிக்கிடக்கும். கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக்கு எட்டயபுரம் வழியாக விடிகாலையில் பஸ் இருக்கிறது. டேப் ஐம்பது அடியாக இருந்தால் பற்றாது, நூறடி வாங்குங்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட்டு, பத்து மணிக்கு மேல் மேஸ்திரி டீ குடிக்க உட்காரும்போது நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். முதல் நாள் எதுவும் சொல்ல மாட்டார்.